வருமுன் காத்தலும் தானமே

துன்புற்றார்க்கு இரங்குதல் மக்கட் பண்புகளுள் தலையாயது என்பதில் எச்சமயத்தாரும் மாறுபடார். பசித்தவனுக்குச் சோறும், நோயுற்றவனுக்கு மருந்தும், வீடிழந்தவனுக்கு நிழலும் தருபவனை உலகம் அறவோன் எனப் போற்றுகின்றது. நாமும் அங்ஙனமே போற்றுகின்றோம். ஆயின், இன்னும் பசியாதவனுக்காக, இன்னும் வீடிழவாதவனுக்காக, இனி வரக்கூடிய துன்பத்தைக் கருதி இன்றே பொருள் ஈவது தானமாகுமா? ஆகுமெனின், துன்பம் வந்தபின் ஈயும் தானத்தினும் அது தாழ்ந்ததா, ஒத்ததா, உயர்ந்ததா? இவ்வினாவையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. நம் நாட்டில் புயலோ, வெள்ளமோ, நிலநடுக்கமோ, வறட்சியோ இல்லாத ஆண்டு இல்லை. அழிவின் செய்தி வந்தவுடன் தெருத்தோறும் உண்டியல் செல்கின்றது. சங்கங்கள் அரிசியும் துணியும் திரட்டுகின்றன. செல்வர் நன்கொடை அனுப்புகின்றனர். இவையாவும் நல்லவையே. ஆனால் மூன்று திங்கள் கழிந்தபின் உண்டியல் பெட்டிக்குள் போய்விடுகின்றது. உடைந்த கரையோ அரைகுறையாக அடைபட்டு நிற்கின்றது. அடுத்த மழைக்காலத்தில் அதே ஊருக்காக அதே உண்டியலை நாம் மீண்டும் ஏந்துகின்றோம். பிணத்தைக் கண்ட பின்னரே நம் கருணை விழிக்குமெனின், அதனை நிறைவுடைய கருணை என்று எங்ஙனம் கூறுவது?

விதியும் தெய்வச் சீற்றமும்

வருமுன் காக்கும் முயற்சிக்கு முதல் தடையாக நிற்பது ஒரு பழைய எண்ணமே. "வந்தது அவரவர் வினைப்பயன், வருவதை யார் தடுக்க வல்லார்?" என்று கூறுவார் இன்றும் பலர். இவ்வாறு கூறுவோர் தம்மைச் சமயப் பற்றுடையோர் என்று கருதிக்கொள்வதால், இதனை முதலில் ஆராய்தல் வேண்டும்.

மோளியசீவகர் என்னும் துறவி புத்த பகவானை அணுகி, மனிதர் நுகரும் இன்பதுன்பங்கள் யாவும் முன்செய்த வினையின் பயனே என்று கூறுவோரைப் பற்றிக் கேட்ட வரலாறு சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. பகவான் அக்கொள்கையை ஏற்கவில்லை. பித்தம், கபம், வாயு ஆகியவற்றின் கோளாறு, பருவநிலையின் மாற்றம், தன்னைப் பேணாமை, பிறரது தாக்குதல் ஆகிய பல காரணங்களாலும் துன்பம் தோன்றும் என்றும், வினைப்பயன் அக்காரணங்களுள் ஒன்றே என்றும், அனைத்தையும் வினையின் மேல் ஏற்றுவோர் தாம் நேரில் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் கடந்து பேசுகின்றனர் என்றும் விடை பகர்ந்தார். பருவநிலை ஒரு தனிக் காரணமாக அங்குக் கூறப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. புயலில் மாண்ட குழந்தையைப் பார்த்து அதன் பழவினை பேசுபவன் நம் தர்மத்தின் பெயரால் பேசுகின்றான் அல்லன்.

மணிமேகலைக் காப்பியத்தில் புகார் நகரைக் கடல் கொண்ட செய்தி வருகின்றது. மகனை இழந்த துயரில் சோழ மன்னன் இந்திர விழாவை நிகழ்த்த மறந்தமையால் அவ்வழிவு நேர்ந்தது என்பது கதை. கடலின் செயலுக்கு அக்காலத்தார் கண்ட காரணம் அதுவாகும். இன்று நாம் அதனை அப்படியே ஏற்பதற்கில்லை. எனினும் அக்கதையுள் ஒரு மெய்ம்மை உண்டு. ஊரழிவுக்கு ஆள்வோனின் மறதியை அது பொறுப்பாக்குகின்றது. மறக்கக் கூடாத பொருள் எது என்பதில் மட்டுமே நாம் அக்காலத்தாரிடமிருந்து வேறுபடுகின்றோம். கரையைப் பேணுதலும், மேட்டு நிலத்தில் புகலிடம் அமைத்தலும், எச்சரிக்கை ஒவ்வொரு குடிசைக்கும் எட்டச் செய்தலும் இன்று மறக்கத்தகாத விழாக்களாம்.

காற்று வீசுதல் இயற்கை. அக்காற்றில் ஒருவன் மடிதல் முற்றும் இயற்கை எனல் பொருந்தாது. அவன் கூரை ஓலையாக இருந்தது ஏன்? அவன் குடிசை பள்ளத்தில் அமைந்தது ஏன்? வானொலியில் வந்த எச்சரிக்கை அவனுக்கு எட்டாதது ஏன்? எட்டியும், அவன் செல்வதற்கு ஓர் இடம் இல்லாதது ஏன்? இவற்றுக்கெல்லாம் மனிதரே விடை கூறுதல் வேண்டும்.

முன்னோர் நெறி

வருமுன் காத்தல் நம் நாட்டுக்குப் புதியதோர் எண்ணம் அன்று. அசோக மன்னரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதர்க்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததையும், மூலிகைகளை வரவழைத்து நட்டதையும், வழிகளில் கிணறு தோண்டி மரம் வைத்ததையும் கூறுகின்றது. இவ்வறம் நிகழ்ந்த எல்லைப்புற நாடுகளுள் சோழரும் பாண்டியரும் அதில் பெயர் சுட்டப்படுகின்றனர். வழியோரக் கிணறு யாருக்காகத் தோண்டப்படுகின்றது? இன்னும் வீட்டை விட்டுப் புறப்படாத வழிப்போக்கனுக்காக. அவன் நாவறண்டு விழுந்தபின் கிணறு தோண்டத் தொடங்குதல் யாருக்கும் பயன் தராது. கிணறு வெட்டுதலை அறம் என ஒப்புக்கொண்ட நாம், புயற் புகலிடம் அமைத்தலையும் அறம் என ஒப்புக்கொண்டே ஆதல் வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் மாவட்டத்தில் சோகௌரா என்னும் ஊரில் கிடைத்த மிகப் பழைய செப்பேடு ஒன்று, இரண்டு களஞ்சியங்களைக் குறித்துப் பேசுகின்றது. நெருக்கடிக் காலத்தில் எடுத்துப் பயன்படுத்துவதற்காகத் தானியம் சேமித்து வைக்கப்பட்ட களஞ்சியங்கள் அவை. அஃது மௌரியர் காலத்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இவற்றினும் மிகுதியாகக் கற்பிப்பது குஜராத்தில் ஜுனாகத்தை அடுத்த கிர்நார் மலையடிவாரப் பாறையாகும். அசோகரின் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்ட அப்பாறையிலேயே, கி.பி. 150இல் ருத்ரதாமன் என்னும் சக மன்னன் வேறொரு கல்வெட்டைப் பொறித்தான். அது சுதர்சனம் என்னும் ஏரியின் வரலாறு. சந்திரகுப்த மௌரியரின் ஆளுநன் அமைத்த அவ்வேரிக்கு அசோகர் காலத்தில் கால்வாய்கள் வகுக்கப்பட்டன. பின்னர்ப் பெரும் புயல்மழை ஒன்றில் கரை 420 முழ நீளத்துக்கு உடைந்து, 75 முழ ஆழத்துக்குப் பள்ளமாயிற்று. அமைச்சர்கள் இனி அடைக்க முடியாது என்று கைவிட்டனர். மக்கள் நம்பிக்கையிழந்து கதறினர். அந்நிலையில் சுவிசாகன் என்னும் ஆளுநன் முயன்று கரையை முன்னினும் உறுதியாக எழுப்பினான். அப்பணிக்கென நகரமக்களையும் நாட்டுமக்களையும் வரியாலோ, வெட்டி வேலையாலோ, கட்டாய நன்கொடையாலோ வருத்தாமல், தன் கருவூலத்திலிருந்தே பெரும்பொருள் செலவிட்டதாக மன்னன் அக்கல்லில் கூறிக்கொள்கின்றான்.

மன்னர்கள் தம்மைப் புகழ்ந்துகொள்வது இயல்பாதலின், அக்கூற்றில் எத்துணை உண்மை என்று நாம் வழக்காட வேண்டியதில்லை. காப்புப் பணிக்குப் பொருள் தேவை. அப்பொருளைத் துன்புற்றோரிடமே பிடுங்குதல் இழிவு என்னும் நீதி ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் ஏறத்தக்கதாக இருந்தது என்பதே நமக்கு வேண்டுவது. அதே பாறையில் மூன்றாவதாக ஒரு கல்வெட்டும் உண்டு. குப்த மன்னன் ஸ்கந்தகுப்தன் காலத்தில், கி.பி. 455ஐ ஒட்டி, அக்கரை மீண்டும் உடைந்ததையும் மீண்டும் கட்டப்பட்டதையும் அது கூறுகின்றது. ஒருமுறை கட்டியதோடு காவல் முடிவதில்லை. கட்டியவன் பெயரும் உடைந்ததை அடைத்தவன் பெயரும் கல்லில் நிற்கின்றன. ஆண்டுதோறும் கரையில் நடந்து எலிவளையையும் கசிவையும் கண்டு அடைத்தவன் பெயர் எக்கல்லிலும் இல்லை. அவனால் உடையாமல் இருந்த ஆண்டுகளே அவனுடைய கல்வெட்டு.

கலிங்கக் கரை கற்பித்த பாடம்

முற்கால வரலாறு நிற்க, நம் காலத்திலேயே நிகழ்ந்ததைக் காண்போம். அசோகரின் மனத்தை மாற்றிய கலிங்கமே இன்றைய ஒடிசா. அவர் கல்வெட்டுகள் உள்ள தௌலியும் ஜௌகடமும் அங்கேதான் உள்ளன.

1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் பாராதீப் துறைமுகத்தை ஒட்டி ஒரு பெரும்புயல் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரைக் கடந்தது. கடல்நீர் 5, 6 மீட்டர் உயரத்துக்கு எழுந்து உள்நாட்டுக்குள் புகுந்தது. அரசாங்கக் கணக்கின்படியே ஏறக்குறைய 10,000 பேர் மாண்டனர். அவர்களுள் 8,000க்கு மேற்பட்டோர் ஜகத்சிங்பூர் என்னும் ஒரே மாவட்டத்தினர். 4 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. புயல் வருவது முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆயின் மக்கள் எங்குச் செல்வர்? நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீண்ட அக்கடற்கரை முழுவதிலும் செஞ்சிலுவைச் சங்கம் கட்டிய 25க்கும் குறைவான புகலிடங்களே அன்று இருந்தன. அவற்றுள் புகுந்தோர் பிழைத்தனர்.

அவ்வழிவின்பின் அம்மாநிலம் பேரிடர்த் தணிப்புக்கென்று தனி ஆணையம் ஒன்றை அவ்வாண்டிலேயே அமைத்தது. கடலோரத்தில் தூண்களின்மேல் உயர்த்திய புகலிடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மாநிலப் பொருளும், மைய அரசின் பொருளும், உலக வங்கியின் கடனும் அவற்றுக்குச் செலவாயின. இன்று அவை 800க்கு மேற்பட்டுள்ளன. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் பைலின் என்னும் கடும்புயல் கோபால்பூருக்கு அருகே கரையேறியபோது, ஏறக்குறைய 10 லட்சம் மக்கள் முன்னரே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். மாண்டோர் தொகை 50க்கு உட்பட்டது. 2019 மே 3ஆம் நாள் பூரிக்கு அருகே பானி புயல் கரையேறியபோதும் 12 லட்சத்துக்கு மேற்பட்டோர் முன்கூட்டியே இடம்பெயர்க்கப்பட்டனர்.

இப்புயல்கள் வலிமையில் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. ஆதலின் மாண்டோர் தொகையை வைத்து வெறுங்கணக்குப் போடுதல் முறையன்று. எனினும் 1999இல் மாண்டோரைப் போன்ற மக்களே, அதே கரையில், அதே வறுமையில், 2013இல் உயிருடன் வீடு திரும்பினர் என்பதை மறுப்பார் இல்லை. அவர்களைக் காத்தவை சிமெண்டுத் தூண்களும், ஒத்திகைகளும், ஒலிபெருக்கியும், ஊருக்கு ஊர் இளைஞர் பெற்ற பயிற்சியுமே.

அக்கரையில் மற்றொரு காவலும் இருந்தது. கேந்திரபாரா மாவட்டத்தில், ஊருக்கும் கடலுக்கும் இடையே அலையாத்திக் காடு அகன்று நின்ற ஊர்களில் 1999ஆம் ஆண்டுப் புயலின்போது உயிரிழப்புக் குறைந்திருந்தது என்பதை 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சேற்றில் நிற்கும் அக்காட்டை விறகாகவும், இறால் பண்ணைக்கு இடமாகவும் மட்டுமே பலர் கண்டிருந்தனர். வெட்டாமல் விட்டதும் ஒரு தானமாய் முடிந்தது.

பொருள் யார் தருவது?

காவலின் பயன் இத்துணைத் தெளிவாயின், அதற்குப் பொருள் ஒதுக்குவதில் தயக்கம் ஏன்? நம் நாட்டுச் சட்டத்தின் வரலாறே இவ்வினாவுக்கு ஓரளவு விடை தருகின்றது. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இரண்டு வகை நிதிகளை வகுத்தது. ஒன்று, அழிவு வந்தபின் துயர் துடைப்பதற்கு. மற்றொன்று, அழிவைக் குறைக்கும் முற்பணிகளுக்கு. முதல்வகை நிதி இயங்கிவந்தது. இரண்டாம் வகையில் நாடு முழுமைக்குமான தணிப்பு நிதி 2021இல்தான் அமைக்கப்பட்டது. இடையில் 16 ஆண்டுகள் கழிந்தன. இதனை ஓர் அரசின் குற்றமாக மட்டும் கொள்ளுதல் நேர்மையாகாது. கூக்குரல் எழுப்புவோர்க்குப் பொருள் முதலிற் செல்கின்றது. நாளை அழிய இருப்பவன் இன்று கூக்குரல் எழுப்புவதில்லை. மக்களாகிய நாமும் துயர்துடைப்புப் பணம் வரவில்லையே என்று முழங்கினோமேயன்றி, கரை உயர்த்தும் பணம் எங்கே என்று அதே குரலில் கேட்டோமில்லை.

15ஆம் நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதிக்கென 1,60,153 கோடி ரூபாயை வகுத்தது. அதில் 80 விழுக்காடு துயர்துடைப்பு, மீட்பு, மறுகட்டுமானம், ஆயத்தம் ஆகியவற்றுக்கும், 20 விழுக்காடு தணிப்புப் பணிகளுக்கும் உரியது. இத்தொகையில் பொதுவாக மைய அரசு நான்கில் மூன்று பங்கும் மாநிலம் ஒரு பங்கும் ஏற்றன. மலைநாட்டு மாநிலங்களுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் மைய அரசின் பங்கு 90 விழுக்காடாக இருந்தது. ஐந்தில் ஒரு பங்கையேனும் வருமுன் காத்தலுக்கென்று பிரித்து வைத்தது நல்ல தொடக்கம்.

இங்கு ஒரு நீதி மறைந்திருப்பதைக் காண்க. புயல் அடியாத உள்நாட்டு ஊரில் வாழ்வோன் செலுத்தும் வரியும் கலிங்கக் கரையின் புகலிடத்துக்குச் செல்கின்றது. அவன் ஏன் செலுத்துதல் வேண்டும்? கடற்கரைக்காரன் தானே அங்கு வாழத் துணிந்தான் என்று கேட்பார் உளர். கடற்கரையிலும் ஆற்றுப் பள்ளத்திலும் வாழ்வோருள் பெரும்பாலோர் தாமே தேர்ந்து அங்குக் குடியேறியவர் அல்லர். மீன்பிடித் தொழில் அவர்களை அங்கு வைத்தது. மேட்டு நிலத்தில் இடம் மறுக்கப்பட்டமை பலரை அங்குத் தள்ளியது. ஊரின் தாழ்ந்த பகுதியில் யாருடைய சேரி அமைந்தது என்பதை நம் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பள்ளத்தை அவர்களுக்கு ஒதுக்கிய சமுதாயம், பள்ளத்தில் நிறையும் நீருக்கும் பொறுப்பேற்றல் வேண்டும். ஆகவே அவர்களைக் காக்கச் செலுத்தும் பொருளைப் பிச்சை என்பதினும் கடன் என்றலே தகும்.

பாபாசாகேப் அம்பேத்கர் வைஸ்ராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 1945 நவம்பர் 8ஆம் நாள் கட்டாக் நகரில் ஒரிஸ்ஸா ஆறுகளைக் குறித்த மாநாட்டில் தலைமையேற்றுப் பேசினார். மிகுந்த நீரைத் தீங்கு என்று கருதி, விரைவில் கடலுக்கு வடித்துவிடுவதே வெள்ளத்துக்கு மருந்து என எண்ணியிருந்த பழைய போக்கை அவர் மறுத்தார். நீர் மக்களின் செல்வம். தேக்கி வைத்தால் பாசனத்துக்கும், மின்சாரத்துக்கும், நீர்வழிப் போக்குவரத்துக்கும் உதவும். வெள்ளமும் அடங்கும் என்பது அவர் கருத்து. வெள்ளம் வடிந்தபின் அரிசி வழங்குவதோடு அமையாமல், வெள்ளத்தின் காரணத்தையே ஆராய்ந்த நோக்கு அது.

மகாநதியின் குறுக்கே எழுந்த ஹிராகுட் அணை 1957இல் திறக்கப்பட்டது. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயின் அதன் மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் கூடாது. கீழ்க்கரை மக்களைக் காக்கவென்று எழுந்த அணையின் நீரில் மேற்கரை ஊர்கள் மூழ்கின. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் நிலமும் வீடும் இழந்தனர். அவர்களுள் பலர் தக்க ஈடு பெறாமல் நெடுங்காலம் அலைந்தனர். அணைக்குப் பின்னரும் 1982, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் மகாநதிக் கழிமுகத்தில் வெள்ளம் புகுந்தது. ஒருவரைக் காக்கும் செலவை, கேளாமலே மற்றொருவர் தலையில் ஏற்றுதல் தானமாகாது. காவலின் விலை என்ன, அதனைச் செலுத்துபவர் யார் என்பதைக் காவலின் தொடக்கத்திலேயே கேட்டாதல் வேண்டும்.

கேந்திரபாரா மாவட்டத்தில் சதபாயா என்னும் ஊரைக் கடல் சிறிது சிறிதாக விழுங்கியது. அம்மக்கள் 2018இல் உள்நாட்டில் பகபாட்டியா என்னும் குடியிருப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மனையும் வீடு கட்டப் பொருளும் கிடைத்தன. உழுவதற்கு நிலம் கிடைக்கவில்லை. இளைஞர் பலர் பிழைப்புத் தேடி வெளிமாநிலம் சென்றனர். உயிரைக் காத்தபின் வாழ்வையும் காத்தாலன்றிக் காவல் நிறைவுறாது.

காக்கப்படுவோரே காப்போர் ஆதல்

கொடுப்பவன் அறிவுடையோன், பெறுபவன் அறியாதோன் என்னும் எண்ணம் தானத்தைக் கெடுக்கும். புயற் காலத்தில் இதனை எளிதில் காணலாம். எச்சரிக்கை கேட்டும் சிலர் வீட்டை விட்டு வெளியேற மறுக்கின்றனர். அவர்களை மூடர் என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வதுண்டு. அருகிருந்து கேட்டால் காரணம் விளங்கும். கட்டியிருக்கும் பசுவை யாரிடம் விடுவது? பூட்டில்லாத வீட்டைத் திருடர் புகாமல் யார் காப்பது? ஆயிரம் பேர் அடைந்து கிடக்கும் கூடத்தில், கதவுள்ள கழிப்பிடம் இன்றி, பெண்கள் இரண்டு இரவுகளை எவ்வாறு கழிப்பது? கருவுற்றவளும், கால் ஊனமுற்றவனும் படியேறுவது எங்ஙனம்? இவை மூடரின் வினாக்கள் அல்ல. கால்நடைக்கு மேட்டிடம், ஊர்க்காவலுக்கு ஆள், பெண்களுக்குத் தனி இடம், சாய்தளம் ஆகியவற்றை இவ்வினாக்களே நமக்குக் கற்பிக்கின்றன. ஆகவே திட்டம் தீட்டும்போதே அம்மக்கள் அவையில் இருத்தல் வேண்டும்.

ஒடிசாவில் புகலிடங்களைப் பேணும் பொறுப்பு ஊர்க் குழுக்களிடம் விடப்பட்டுள்ளது. மற்ற நாட்களில் அவை பள்ளியாகவும், கூட்ட மண்டபமாகவும், திருமண இடமாகவும் பயன்படுகின்றன. இவ்வேற்பாடு மிகப் பொருத்தமானது. ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் கட்டிடத்தின் சாவி புயலன்று அகப்படாது. நாள்தோறும் குழந்தைகள் படிக்கும் கட்டிடத்துக்கு வழி எல்லார்க்கும் தெரியும். 2020இல் வெங்கடராய்பூர், நோலியாசாஹி என்னும் இரண்டு மீனவ ஊர்கள் கடற்கோளை எதிர்கொள்ள ஆயத்தமானவை என்று ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனத்தால் ஏற்கப்பட்டன. ஊரார் வரைபடம் வரைந்து, தப்பும் வழியைக் குறித்து, ஒத்திகை நடத்தியே அத்தகுதியைப் பெற்றனர்.

புகலிடத்தின் வாயில் எல்லார்க்கும் ஒன்றாகத் திறக்குமா என்பது மற்றொரு வினா. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின்பின் நாகப்பட்டினக் கரையில் தலித் மக்கள் நிவாரண முகாம்களில் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. வீடும் பொருளும் கடலோடு போயின, சாதி போகவில்லை. புயலன்று நள்ளிரவில் இதனைத் திருத்த இயலாது. பள்ளியாகவும் மண்டபமாகவும் எல்லாக் குடியினரும் அக்கட்டிடத்துள் நாள்தோறும் புழங்குதலும், குழுவில் சேரியினர் உறுப்பினராக அமர்தலும், சாவி வைத்திருப்போருள் ஒருவர் அவர்களாக இருத்தலுமே அதற்கு மருந்து. இவற்றையும் ஆயத்தத்தின் பகுதியாகவே நாம் எண்ணுகின்றோம்.

இரு தடைகள்

"இன்று பசித்திருப்பவன் கண்முன் நிற்க, என்றோ வரும் புயலுக்குப் பொருள் சேர்ப்பது அறமா?" என்று ஒருவர் கேட்கலாம். இது வலிமையான வினா. இதனை எளிதில் தள்ளுதல் இயலாது. பசித்தவன் வாய்ச்சோற்றைப் பறித்து மதில் கட்டுவதை நாமும் ஒப்போம். ஆனால் பெரும்பாலும் அப்பசித்தவனும் புயலில் அழிபவனும் ஒருவனே. மூன்றாண்டு உழைத்து வாங்கிய பசுவும், வலையும், விதைநெல்லும் ஓரிரவில் போகின்றன. அடுத்த நாள் அவன் கடன்காரன் வாயிலில் நிற்கின்றான். அவன் வறுமையின் வேர்களுள் ஒன்று அவ்விரவு. ஆகவே இரண்டையும் எதிரெதிராக நிறுத்துதல் பிழை. களஞ்சியம் அமைத்தல் பசிக்கும் மருந்து, பேரிடர்க்கும் மருந்து. அலையாத்திக் காடு புயலையும் தடுக்கும், நண்டுக்கும் மீனுக்கும் இடம் தரும். இவ்வாறு இருபயன் தருவனவற்றை முதலிற் செய்தல் அறிவுடைமை.

இரண்டாவது தடை நம் உள்ளத்திலேயே உள்ளது. வருமுன் காத்தவனுக்கு நன்றி கூறுவார் இல்லை. சோறிட்டவன் உண்டவன் முகத்தைக் காண்கின்றான். கரையை உயர்த்தியவன் யாரைக் காத்தான் என்பது அவனுக்கே தெரியாது, காக்கப்பட்டவனுக்கும் தெரியாது. புயல் திசைமாறிச் சென்றால், "வீணாக எங்களை அலைக்கழித்தீர்களே" என்னும் ஏச்சும் கிட்டும். இதனாலேயே செல்வரும் ஆள்வோரும் முற்பணியை விரும்புவதில்லை. நிவாரணப் பொட்டலத்தில் பெயர் அச்சிடலாம். நிகழாமற்போன மரணத்தில் யார் பெயரை அச்சிடுவது?

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கேயே கிடைக்கின்றது. கொடுப்போன் தன்னை மறந்து கொடுப்பதே தானத்தின் தூய்மை என்று நாம் கற்றிருக்கின்றோம். பெறுவோன் யார் என்றறியாமலும், புகழை நாடாமலும், பயனைக் கண்ணாற் காணாமலும் ஈயும் இத்தானத்தில் அத்தூய்மை தானே அமைகின்றது. சோலை வைத்தல், பாலம் இடுதல், கிணறு அமைத்தல், தங்குமிடம் தருதல் ஆகியவற்றின் புண்ணியம் இரவும் பகலும் வளர்வது என்று நம் நூல்கள் கூறுதற்கும் காரணம் இதுவே போலும். அப்புண்ணியம் ஈந்தவனின் நினைவைக் கூடச் சார்ந்து நிற்பதில்லை. ஆதலின் வருமுன் காத்தல் தானத்தினும் தாழ்ந்ததன்று. துன்புற்றார்க்கு உதவுதலோடு ஒப்பானது. தன்னலக் கலப்பு மிகக் குறைந்தது. எனினும் பின்னுதவியை விலக்கி முன்னுதவியை மட்டும் போற்றுதல் ஆகாது. எவ்வளவு காத்தாலும் சில துன்பங்கள் வந்தே தீரும். அப்போது உண்டியலும் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

ஏரிக்கரையையும் கால்வாயையும் ஊராரே கூடிப் பேணிய குடிமராமத்து முறையைத் தமிழர் அறிவர். பெரிய அணைகளும் புகலிடங்களும் அரசினாலேயே ஆகும். அவற்றைக் கேட்டுப் பெறுதல் நம் உரிமை. ஆயினும் சிறு சங்கங்கள் செய்யத்தக்கனவும் உள. நிதி ஆணையம் ஐந்தில் ஒரு பங்கைப் பிரித்தது போல, நம் சங்கங்களும் பேரிடர்க்கெனத் திரட்டும் ஒவ்வொரு தொகையிலும் ஐந்தில் ஒரு பங்கை வருமுன் காக்கும் பணிக்கென்று தனியே வைக்கலாம். அப்பொருளால் சேரிப் பள்ளியின் கூரையை உறுதியாக்கலாம். கைப்பம்பின் மேடையை வெள்ளம் எட்டாத உயரத்துக்கு உயர்த்தலாம். நீந்தவும் முதலுதவி செய்யவும் இளைஞர்க்குக் கற்பிக்கலாம். மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள் கூடி, நம் தெருவில் தனியே வாழும் முதியோர் யார், நடக்க இயலாதோர் யார், அவர்களைத் தூக்கிச் செல்வோர் யார் என்று பெயர் எழுதி வைக்கலாம். இதற்குப் பணமும் வேண்டுவதில்லை.

தோன்றியன யாவும் மறையும் இயல்பின என்று பகவான் தம் இறுதி நாளில் நினைவூட்டினார். அதனோடு நிறுத்தாமல், சோர்விலா விழிப்புடன் முயலுமாறும் பணித்தார். நிலையாமையைக் கூறிக் கைகட்டி நிற்பவன் அவ்வுரையின் முற்பாதியை மட்டுமே கேட்டவன். அடுத்த மழை தொடங்குமுன் நம் சங்கங்கள் ஒவ்வொன்றும் அப்பெயர்ப் பட்டியலை எழுதி முடிக்குமாயின், பிற்பாதியையும் கேட்டவராவோம்.